ஒரே வாய்க்கால்காரர்கள்

பட்டாளத்தில் இருக்கும் என் இளைய மகனுக்கு, உன் அய்யா தன் கையாலேயே எழுதுவது.

முதல் வரியை மறுபடியும் ஒரு தரம் படித்துக்கொள். தன் கையாலேயே என்பது பொய் இல்லை. தபால்காரர் எழுதித் தரவில்லை. உன் மதினியும் எழுதித் தரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், நடுநடுவே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். நாற்று நடுகிற மாதிரித்தான் எழுதுகிறேன். ஒன்றைக் குத்தி, நகர்ந்து, அடுத்ததைக் குத்துகிறேன். நாற்று நடும்போது பின்னாலே போகவேண்டும், எழுதும்போது முன்னாலே போகவேண்டும், அதுதான் எனக்கு முதலில் பழகவில்லை. 'ழ' எனக்குக் கைவந்த அன்று 'மழை' என்று எழுதிவிட்டு வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் பெய்யவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் ஒரு புதுச் சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. காகிதம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. மருந்து மடித்துக் கொடுக்கும் தாளில்தான் எழுதுகிறேன். அங்கங்கே மஞ்சளாக இருந்தால் அது மருந்துப் பொடி, பயப்படாதே.

ஆனால் நான் எழுதப் படித்தது சந்தோஷத்துக்காக இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் உன் கடிதம் வந்தது. நான் தென்காசியில் காப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர் என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, பட்டாளத்துக் காயிதம் வந்திருக்கு, வாசிக்கட்டுமா?" என்றார். வாசியும் என்றேன். கடைக்குள் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள். சண்டை முடிந்துவிட்டது, நீ நலம், வைகாசிக்குள் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது வரைக்கும் உரக்க வாசித்தார். பிறகு குரல் இறங்கியது. உள்ளே இருந்து ஒருவர், "வே, நடுவுல முழுங்காதீரும், சத்தமா வாசியும்" என்றார். வாசித்தார். சங்கரபாண்டி ஜெயிலிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன், என் அண்ணனுக்குச் செய்யவேண்டியதை நான் வந்து செய்கிறேன், அய்யா கூண்டில் ஏறிக் கெடுத்ததை நான் சரிசெய்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அப்புறம் ஒருவன், "அப்படிச் சொல்லுலே ஆம்பிளப் பிள்ளையே!" என்று தொடையைத் தட்டினான். இன்னொருவன் என்னைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவதாவது ரோசத்தோட பெறந்திருக்கு" என்றான். நான் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து அதை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அதில் எந்த இடத்தில் நான் இருக்கிறேன், எந்த இடத்தில் அந்தக் கொலை இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி எறும்பாக இருந்தது. என் மகன் எனக்குச் சொல்வதை நான் மட்டும் கேட்கவேண்டும், நான் அவனுக்குச் சொல்வது என் கையிலிருந்து போகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்கள் பட்டாளத்தில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்கிறார்கள். பார்க்கட்டும். உன் கடிதத்தைக் காப்பிக் கடையே கேட்டது. இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மறைக்க எதுவும் இல்லை.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சவரிமுத்து கம்பவுண்டர். தென்காசி மருந்துக் கடையில் கட்டுப் போடுகிறவர். உழவின்போது கொழு பட்டு என் காலில் வெட்டு விழுந்து சீழ் வைத்துவிட்டது. மழை நாளெல்லாம் கட்டு மாற்றப் போவேன். வேதக்காரர், கிறிஸ்தவச் சாமியார் படிப்புக்குப் போனவர். "சாமியாருக்குத்தான் படிக்கப் போனேன் அண்ணாச்சி, பாதியில பசி வந்துட்டு" என்று சிரிப்பார். பசி என்றது அவர் பெண்டாட்டியை. அந்தப் படிப்பில் லத்தீன் என்று ஒரு பாஷை சொல்லிக் கொடுப்பார்களாம். வெள்ளைக்காரன் பாஷைக்கு அது பாட்டி மாதிரி என்றார். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் எழுத்தெல்லாம் அந்தப் பாஷைதானாம். அவரிடம் ஒரு தடித்த அகராதி இருக்கிறது. முதுகு பிய்ந்து நூல் தெரியும். தமிழ் எழுத்தை மணலில் எழுதிக் காட்டி, பிறகு மருந்துத் தாளில் எழுதவைத்தார். எழுத்துக் கூட்ட வந்ததும் எனக்கு ஆசை பெருத்துவிட்டது. என் காதுக்குள் சில இங்கிலீஷ் வார்த்தைகள் பல வருஷமாகக் கிடந்தன. உன் அண்ணன் கேஸ் நடந்தபோது திருநெல்வேலிக் கோர்ட்டில் கேட்டவை. அர்த்தம் தெரியாமலே அவற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு நாள் அவர் கட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "கம்பவுண்டரே, ரைவல்னா என்னது?" என்றேன். அவர் கட்டை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எங்க புடிச்சிய?" என்றார். கோர்ட்டில் என்றேன். "இருங்க, அத அப்புறம் பாப்போம். வேற என்னல்லாம் வச்சிருக்கிய?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.

அந்த வார்த்தைகளைச் சொல்வதற்கு முன் அன்றைக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். நீ அன்று வயலில் இல்லை, இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நீ கேட்டதெல்லாம் ஊர் சொன்னது. கோர்ட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னேன், முழுசாக உனக்குச் சொன்னதே இல்லை. சிற்றாற்றிலிருந்து பிரியும் நம் வாய்க்காலில் சங்கரபாண்டி வயல் மேற்கே, நம் வயல் அதற்கு அடுத்துக் கிழக்கே. அவன் வயலைத் தாண்டித்தான் நமக்குத் தண்ணீர் வரவேண்டும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைப்போம். பகலில் அவனுக்கு. சாயங்காலம் குற்றால மலை நிழல் இறங்கி வந்து மடைப் பக்கத்து மருத மரத்தைத் தொட்டதும் நமக்கு. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அதுதான் கடிகாரம். மலை யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை. ஆனால் அந்த ஆனி மாதம் சாரல் ஏமாற்றிவிட்டது. நாளெல்லாம் மேகம் மூடிக் கிடக்கும், ஒரு சொட்டு விழாது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வெயில் இல்லாத நாளில் நிழல் எங்கே வரும்? முன்னெல்லாம் மேகம் மூடினால் மழை பெய்யும், மழை பெய்தால் முறையே தேவைப்படாது. மேகமும் மூடி மழையும் பெய்யாத ஆனி எங்களுக்குத் தெரியாது. அதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடும் வைத்திருக்கவில்லை.

உன் அண்ணன் வாய்க்காலுக்குப் போனான். நான் வரப்பில் நின்றேன். பேசுவது நன்றாகக் கேட்டது.

"நேரமாச்சுலே பாண்டி, மடைய அடை."

"நெழலு எங்கலே? மரத்துல காட்டு, அடைக்கேன்."

"மேகம் கெடக்குலா. நெழலு எங்கருந்து வரும்? பொழுது எறங்கிட்டு."

"ஒனக்கு எறங்கிட்டு. எனக்கு எறங்கல."

இரண்டு பேரும் ஒன்றாகக் குளித்து வளர்ந்தவர்கள். சீசனுக்குச் சீசன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஒன்றாக நடந்து போவார்கள். சங்கரபாண்டி பொய் சொல்லவில்லை, உன் அண்ணனும் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் யார் சொன்ன நேரம் சரி என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணன் உள்ளே இறங்கி மண்ணை வெட்டிப் போட்டு அவன் மடையை அடைத்தான். சங்கரபாண்டி அதைக் காலால் தள்ளினான். மறுபடி அடைத்தான், மறுபடி தள்ளினான், மறுபடியும் அடைத்தான். நான் வரப்பிலிருந்து கத்திக்கொண்டே ஓடினேன். அப்போது உன் அண்ணன் மண்வெட்டியை ஓங்கினான். அது சங்கரபாண்டியின் தோளைச் சீவிக்கொண்டு போனது. சங்கரபாண்டி தன் கையிலிருந்ததைத் திருப்பி வீசினான். உன் அண்ணன் வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தான். நான் போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் மடையில் உன் அண்ணன் கடைசியாகப் போட்ட மண்ணை அன்று யாரும் தள்ளவில்லை, யாருக்கும் அந்த நினைப்பு இல்லை. விடியும் வரை நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷம் எங்கும் கார்ப் பயிர் கருகியது, நம் வயல் மட்டும் விளைந்தது. அந்த நெல்லைத்தான் தை வரைக்கும் சாப்பிட்டோம். நீயும் சாப்பிட்டாய்.

இனி வார்த்தைகளுக்கு வருகிறேன். கோர்ட்டில் சங்கரபாண்டியின் வக்கீல் முதலில் 'அலிபை' என்று எழுந்தார். அன்று சாயங்காலம் அவன் குற்றாலத்தில் அருவியில் குளித்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். லத்தீனில் அதற்கு 'வேறோர் இடத்தில்' என்று அர்த்தம் என்றார் கம்பவுண்டர். அந்த வக்கீல் பேசி முடிப்பதற்குள் சங்கரபாண்டி எழுந்து, "நான் குத்தாலத்துக்குப் போவல சாமி, வாய்க்கால்லதான் நின்னேன்" என்றான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்கும். வேறோர் இடத்தில் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "முதலில் ஓங்கியது யார்?" என்று கேட்டார்கள். நம் வக்கீல் என்னைப் பார்த்தார். முந்தின நாள் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பதில் வேறு. நான், "என் மூத்த மகன்" என்றேன். அதனால்தான் சங்கரபாண்டி தூக்கிலிருந்து தப்பினான், சில வருஷ ஜெயிலோடு போயிற்று. ஜூரிகள் சொன்னதை 'வெர்டிக்ட்' என்றார்கள். சவரிமுத்து அந்த வார்த்தையை இரண்டாக உடைத்துக் காட்டினார். 'வேரே' என்றால் சத்தியமாக, 'டிக்டும்' என்றால் சொன்னது. "சத்தியமாச் சொன்னது, அண்ணாச்சி. அம்புட்டுத்தான் அதோட அர்த்தம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தீர்ப்பு என்றால் வெட்டுவது, முடிப்பது, கெடுப்பது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சத்தியமாகச் சொன்னதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், கோர்ட்டு வாசலில் உனக்குச் சொல்லியிருப்பேன். நீ கேட்டிருப்பாயோ என்னவோ.

நீ கேட்கவில்லை. கோர்ட்டு வாசலிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாய். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஒரு வாரம் மதினியிடம் மட்டும் சோறு வாங்கிச் சாப்பிட்டாய். பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டாய். நீ இருப்பது 'இன்ஃபன்ட்ரி', நடந்து போய்ச் சண்டை போடும் காலாட்படை என்று தபால்காரர் சொன்னார். அதையும் கம்பவுண்டரிடம் கொண்டுபோனேன். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது வேற நாடு வழியா சுத்திக்கிட்டு வந்திருக்கு அண்ணாச்சி. ஆனா அடியில என்ன இருக்கு தெரியுமா? பேச்சு வராதவன். கைப்பிள்ள. பேச வராத சின்னப் பயலுவ எசமானுக்குப் பின்னால நடந்து போனதுலேருந்து வந்திருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. உன் அம்மை போனபோது நீ பேச்சு வராத கைப்பிள்ளை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நான் வரப்பு வெட்டியிருக்கிறேன். கைப்பிள்ளையாக வந்தவன் கைப்பிள்ளையாகவே போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு, நான் வந்து கொல்கிறேன் என்பது.

இன்னொரு வார்த்தை இருக்கிறது. எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கோர்ட்டில் உன் அண்ணனைப் பெயர் சொல்லாமல் 'விக்டிம்' 'விக்டிம்' என்றார்கள். அதற்கு லத்தீனில் பலி கொடுக்கும் மிருகம் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் கம்பவுண்டரிடம் கோபித்துக்கொண்டேன். "எம்மவன் என்ன கெடாயா?" என்று சத்தம் போட்டேன். "நான் வைக்கல அண்ணாச்சி, வெள்ளக்காரன் வச்ச பேரு" என்றார் பாவம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கோயில் கொடையில் கிடா வெட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். கிடாய் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுச் சுற்றி நிற்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் வெட்டுவார்கள். சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அது குளிரினால் சிலிர்க்கிறது என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த ஆனி மாதம் ஊரில் உன் அண்ணனைப் பார்த்தவர்கள் எல்லாம், "மேல்மடைக்காரன் குடிச்சிட்டுப் போயிருவான்லே, விட்டுராத" என்றார்கள். சங்கரபாண்டியிடமும் அதையே சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு பேரும் சிலிர்த்தார்கள். இப்போது உன் கடிதத்தை வாசித்தபோது தொடையைத் தட்டினானே, அவன் கையிலும் அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. நீ இன்னும் ரயில் ஏறவே இல்லை, அதற்குள் உன் தலையில் தெளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மகனே, குளிரும். சிலிர்த்துவிடாதே.

சங்கரபாண்டி ஜெயிலுக்குப் போன பிறகு நடந்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. வைகாசியில் வாய்க்கால் வெட்டு உண்டல்லவா, சாரல் தண்ணீர் வருவதற்கு முன் அவரவர் வயலுக்கு நேரே அவரவர் பங்கைத் தூர் எடுக்கவேண்டும். அவன் வீட்டில் ஆண் கிடையாது, வயதான தாய் மட்டும்தான். ஊரில் யாரும் அவன் பங்கில் இறங்க மாட்டேன் என்றார்கள். இறங்காவிட்டால் என்ன ஆகும்? மண் மேவிப் புல் முளைத்து அவன் பங்கிலேயே தண்ணீர் நின்றுபோகும், நமக்கு வராது. முதல் வருஷம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்றேன். உன் அண்ணன் விழுந்த இடம் அவன் பங்கில்தான் இருக்கிறது. வெகுநேரம் நின்றேன். பிறகு இறங்கி வெட்டினேன். அவன் திரும்பி வரும்வரை வருஷா வருஷம் நான்தான் அவன் பங்கையும் வெட்டினேன். உன் மதினி என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். அவள் என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள். "அவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன் மாமா. அவன் தாய்ட்டயும் பேச மாட்டேன். ஆனா நாத்து என்ன செஞ்சுது? அது காயக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

போன வைகாசியில் அவன் வந்தான். தலை நரைத்து, முதுகு வளைந்து, உன் அண்ணனுக்குத் தகப்பன் மாதிரி இருந்தான். வாய்க்கால் வெட்டுக்கு எல்லாரும் இறங்கி நிற்கும்போது மண்வெட்டியோடு வந்து தன் பங்கில் நின்றான். அவன் குனிந்து பார்த்தான். இத்தனை வருஷம் விட்ட வாய்க்காலில் இடுப்பளவு மண் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பான். அடி மண் தெரிந்தது.

"இத யாரு வெட்டுனது?" என்று பொதுவாகக் கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"எனக்குத் தண்ணி வரணும்லா."

அவன் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். நான் என் பங்கை வெட்டப் போய்விட்டேன். அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, நான் அவனை மன்னிக்கவில்லை. அன்று மடையில் பொங்கல் வைத்தார்கள். வாய்க்கால் வரிசைப்படிதான் இலை போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு அடுத்த இலை என்னுடையது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். உட்கார்ந்தேன். இலையில் போட்டதைச் சாப்பிட்டு முடித்தேன். நீ இருக்கும் படைக்குக் 'கம்பெனி' என்று பெயராம். அதற்கு அர்த்தம், ஒரே ரொட்டியைச் சேர்ந்து தின்பவர்கள் என்றார் கம்பவுண்டர். பக்கத்தில் இருப்பவனை நமக்குப் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று அந்த வார்த்தையில் இல்லையே என்று கேட்டேன். இல்லை, சேர்ந்து தின்றால் போதும் என்றார்.

கடைசியில்தான் அவர் 'ரைவல்' என்பதை எடுத்தார். கோர்ட்டில் இரண்டு வக்கீலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சங்கரபாண்டி நமக்கு ரைவல், நாம் அவனுக்கு ரைவல். ஜென்ம விரோதி, பங்காளிப் பகை, அந்த மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். சவரிமுத்து அகராதியை என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். எனக்கு அந்த எழுத்து தெரியாது, ஆனாலும் பார்த்தேன். "லத்தீன்ல ரீவுஸ்னா ஓட, வாய்க்கால். ரைவல்னா ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்குதவன். வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார். ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு காலத்தில், நம்மைப் போலவே இரண்டு சம்சாரிகள் மடையில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு மலை இருந்திருக்கும், ஒரு மேகம் மூடிய நாள் வந்திருக்கும். இத்தனை பெரிய பாஷையில் எதிரிக்கு வேறு வார்த்தை அகப்படாமல் பக்கத்து வயல்காரன் பெயரையே வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, வயிறும் எரிந்தது. வீட்டுக்கு வந்து உன் மதினியிடம் சொன்னேன். "இதுக்கு லத்தீன் படிக்கணுமாக்கும்?" என்றாள்.

உன் கடிதம் வந்த பிறகு பல நாள் யோசித்துவிட்டு, பங்குனி அறுப்பு முடிந்ததும் சங்கரபாண்டியிடம் போனேன். ஜெயிலிலிருந்து வந்த பின் அவனிடம் நானாகப் பேசியது அதுதான். "எளையவன் வைகாசில வாரான். நீ கொஞ்ச நாளு வடகரைப் பக்கம் எங்கயாவது போயி இரு" என்றேன். அவன் வரப்பில் குந்தியிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எங்க போகச் சொல்லுதிய? வயலத் தூக்கிட்டுப் போவ முடியுமா?" என்றான். கொஞ்சம் கழித்து, "வரட்டும். வைகாசில எங்க இருப்பேன்னு அவனுக்குத் தெரியும். வாய்க்கால்லதான் இருப்பேன். ஓடமாட்டேன், கையத் தூக்கவும் மாட்டேன்" என்றான். அவன் வீம்புக்குச் சொல்லவில்லை. களைத்துப் போனவன் பேசுகிற மாதிரிப் பேசினான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது வாய்க்காலில் ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. மேகம் மூடி நிழல் தெரியாத நாளில் மேல்மடையையும் கீழ்மடையையும் பாதிப் பாதி திறந்து வைத்துவிட வேண்டும். யாரும் யாரிடமும் நேரம் கேட்கக் கூடாது. எவ்வளவு சின்னக் காரியம் பார். ஒரு சிறு பிள்ளைக்குக் கூடத் தோன்றும். உன் அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது.

நீ கேட்கலாம், அய்யா எனக்கு என்னதான் சொல்ல வருகிறார் என்று. நீ பட்டாளத்தில் எத்தனையோ பார்த்திருப்பாய், உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நடக்கப்போவதை மட்டும் சொல்கிறேன். நீ வந்து அவனை வெட்டினால் அவன் தடுக்கமாட்டான். வெட்டி விழுத்திவிட்டு அங்கேயே நிற்பாய், ஓடமாட்டாய், நீ என் மகன். அவர்கள் மறுபடியும் என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போவார்கள். மறுபடியும் கூண்டில் ஏற்றி, யார் ஓங்கியது என்று கேட்பார்கள். நான் உண்மையைத்தான் சொல்வேன். எனக்கு வேறு சொல்லத் தெரியாது, அது உனக்கே தெரியும். இந்த முறை கைநாட்டு வைக்கமாட்டேன். என் வாக்குமூலத்துக்குக் கீழே என் பெயரை நானே எழுதுவேன். உன்னைத் தூக்கில் போடுகிற காகிதத்தில் எழுதுவதற்காகவா இந்த வயதில் நான் எழுத்துப் படித்தேன்? அதற்கப்புறமும் ஆனியில் தண்ணீர் வரும். அவன் பங்கு, உன் பங்கு, என் பங்கு எல்லாவற்றையும் நான் ஒருவனே வெட்டவேண்டும். கால் வெட்டு ஆறிவிட்டது, ஆனால் முதுகு முன்போல் குனியவில்லை.

உன் அண்ணனுடைய மண்வெட்டியைக் கோர்ட்டிலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். துருவைத் தேய்த்துக் கைப்பிடிக்குப் புதுக் கணை போட்டு வைத்திருக்கிறேன். உன் உயரத்துக்குத் தகுந்தபடிதான் போட்டேன். நீ வளர்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியதும் காப்பிக் கடைப் பக்கம் போகாதே, அங்கே தண்ணீரோடு நிற்பார்கள். உன் மதினி சோறு வைத்திருப்பாள், சாப்பிட்டுவிட்டு வா. மண்வெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கும். எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வா. அதை எதற்காக எடுத்துக்கொண்டு வருகிறாய் என்பதை வழியில் முடிவுசெய்துகொள். அவன் தன் பங்கில் வெட்டிக்கொண்டிருப்பான். நம் பங்கு அதற்கு அடுத்து. இரண்டுக்கும் நடுவில் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பது நான்.